நாலாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை

போன மாதம் ஸ்டெல்லா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றதும் அச்சகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண்.

"அக்கா, புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க. இனிமே ப்ரூஃப் எல்லாம் அதுவே பார்த்துடுமாம். ஒரு தப்பு கூட தப்பிக்காதாம்."

"ரொம்ப நல்லதும்மா. அதுக்கு நாலு மணிக்கு டீ கூட வாங்கித் தர வேணாம்."

"கிண்டல் பண்ணாதீங்க அக்கா. அந்த பிலிப்பைன்ஸ் புஸ்தகக் கதையை எழுதிக் குடுங்களேன். இங்க ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

என்ன மாதிரி என்று விசாரித்தேன். ஒருத்தர் சொல்லும் கதையில் ஆயரே போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினாராம். இன்னொருத்தர் கதையில் நான் மயங்கி விழுந்தேனாம். மயங்கி விழுகிற பழக்கமெல்லாம் எனக்கு என்றைக்கும் கிடையாது. சரி, தப்பு பண்ணியவள் நான். அதைச் சரியாகச் சொல்கிற வேலையையும் நானே பார்த்துவிடுகிறேன்.

என் பெயர் சரோஜா. ஈஜிபுராவில் குடியிருக்கிறேன். விவேக் நகர்ப் பக்கம் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் தமிழ் ப்ரூஃப் பார்த்தேன். வீட்டில் முருகன் படம், வேலையில் செபமாலைப் புத்தகம். நவநாள் செபம், சிலுவைப் பாதை, ஞானோபதேசம் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். "நீ செத்தா எந்த வாசல்ல போய் நிப்பே?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். எழுத்துப் பிழை எந்த வாசலில் கம்மியோ அங்கே என்பேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையை இழுக்க வேண்டாம். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு போனேன். முதல் வாரத்திலேயே ஒரு ஞானஸ்நான அட்டையில் பிள்ளையின் பெயரையும் அதைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தாயின் பெயரையும் இடம் மாற்றிப் போக விட்டேன். அறுபது வயது அம்மாவுக்குக் கைக்குழந்தை ஞானத்தாய் ஆனது. அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்த்தேன். முப்பது வருஷத்தில் என்னால் ஒரு புத்தகம் கூட மறு அச்சுக்குப் போகவில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்க இரண்டு பேர். ஒருத்தர் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருத்தர் அச்சுத் தாளைப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும். படிக்கிறவள் என் கூட்டாளி லூர்து மேரி. விவேக் நகர்க்காரி, தினப் பூசைக்குத் தவறாதவள். நிறுத்தக்குறி, மேற்கோள் குறி எல்லாம் வாயால் சொல்லியே படிப்பாள். "ஆண்டவர் கமா என் மேய்ப்பர் முற்றுப்புள்ளி" என்று சாதாரணமாகப் போகும். வெளியிலிருந்து கேட்டால் இரண்டு பெண்கள் ஏதோ தகராறு பண்ணுகிற மாதிரி இருக்கும். முதல் ப்ரூஃப், இரண்டாம் ப்ரூஃப், அப்புறம் பக்க ப்ரூஃப். அதை எழுதியவர் பார்த்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவார். கடைசியாக இயக்குநர் ஃபாதர் மேல் தாளில் "அச்சிடலாம்" என்று எழுதுவார். எழுதியவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் பிழைக்கு அவர்தான் பொறுப்பு. அது அச்சக விதி.

இதில் ஒரு வழக்கம். எந்தப் புத்தகமானாலும் நாங்கள் ஐந்தாம் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்போம். முதல் நாலு பக்கம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். டைப் செட்டிங் பார்க்கிற பையன் மஞ்சு புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், ஆண்டு மூன்றையும் மாற்றிவிடுவான். நான் அந்த மூன்றையும் பார்ப்பேன். நாலாம் பக்கத்தில் எப்போதும் அதே வாசகம்: "திருச்சபை அனுமதியுடன். விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் மாறான எதுவும் இந்நூலில் இல்லை." அதற்குக் கீழே, ஆயர் சார்பில் புத்தகங்களைப் படித்து அனுமதி கொடுக்கும் பெரிய சாமியின் பெயர். தினமும் பார்க்கிற வாசற்படியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? அது அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

வெளியார் வேலைக்கு வேறு நாலு பக்கம் உண்டு. கல்யாண மலர், ரிடையர் ஆனவர்களின் கவிதை, பெரியவர்களின் சுயசரிதை எல்லாம் அடித்துக் கொடுப்போம். அதில் இந்த வாசகம் வராது.

இனி எங்கள் இயக்குநர் ஃபாதர் அருளப்பன். அவரோடு பதினாலு வருஷம் வேலை பார்த்தேன், ஒரு நாள் கூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமே. தப்பு நடந்தால் "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்பார். நாம் உட்காருவோம். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு கண்ணாடியைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குள் நாமே எல்லாத்தையும் ஒப்புக்கொண்டுவிடுவோம். ரொம்பக் கோபம் வந்தால் மெல்லிசாக மாதா பாட்டு முனகுவார். பாட்டுச் சத்தம் கேட்டால் மஞ்சு பாத்ரூம் பக்கம் போய்விடுவான். கையெழுத்துப் பிரதியைப் படிக்கும்போது ஃபாதர் கையில் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். பிடிக்காத இடத்தில் ஓரமாகச் சின்னக் கேள்விக்குறி ஒன்று போடுவார். ஏன் என்று எழுத மாட்டார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தண்ணி இல்லாமல் யோசிப்பார்கள்.

அவரிடம்தான் டெய்சி அக்கா வந்தார். ரிடையர் ஆவதற்கு எனக்கு ஒன்றரை வருஷம் இருந்தது.

டெய்சி அக்கா நர்ஸ். இருபது வருஷம் குவைத்தில் வேலை பார்த்துவிட்டு விவேக் நகரில் சின்ன வீடு வாங்கி வந்தவர். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தது டெஸ் என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ். மீன் வறுத்துக்கொண்டே டெஸ் அவருக்கு ஒரு கதை சொன்னாளாம், ஒரு வருஷத்துக்கு மேல், அத்தியாயம் அத்தியாயமாக. அவர்கள் நாட்டில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் படித்தே ஆகவேண்டிய பழைய நாவல். ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலம். வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிற ஒரு வாலிபன் ஊரில் பள்ளிக்கூடம் கட்டப் பார்க்கிறான். ஊரை நிஜமாக ஆளுவது கவர்னர் இல்லை, சாமியார்கள். அவன் அப்பாவின் பிணத்தைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தோண்டி எடுக்கச் சொன்னது ஒரு சாமியார். கோயிலில் மணி அடிக்கிற இரண்டு பிள்ளைகள் மேல் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள்; அவர்களைத் தேடித் தேடி அம்மாக்காரிக்குப் புத்தி பேதலித்துப் போகிறது. இதெல்லாம் கதையில் இருக்கிறது.

"உங்க ஊர்ல கன்னியாஸ்திரீங்க நடத்துற ஸ்கூல்லயும் இதைப் படிப்பீங்களா?" என்று டெய்சி அக்கா கேட்டாராம்.

"படிப்போமே. பரீட்சையும் எழுதுவோம். ஞாயித்துக்கிழமை பூசைக்கும் போவோம்" என்றாளாம் டெஸ்.

அந்த வார்த்தைதான் டெய்சி அக்காவைப் பிடித்துக்கொண்டது. இங்கிலீஷ் பதிப்பை வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் டெஸ்ஸிடம் கேட்டுக் கேட்டு, ஆறு வருஷம் தமிழில் எழுதினார். பதினொரு லாங்சைஸ் நோட்டு. அந்த நோட்டுகளைத் துணிப்பையில் போட்டு ஃபாதர் மேஜை மேல் வைத்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஃபாதர், இது புஸ்தகமா வரணும். ஆனா இதுக்காக என்னைக் கோயிலுக்கு வெளியில நிறுத்திடக் கூடாது. எனக்குப் புள்ளை குட்டி இல்ல. கோயில் ஒண்ணுதான் இருக்கு."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஃபாதர் மூன்று வாரம் படித்தார். பதினொரு நோட்டிலும் ஒரே ஒரு பச்சைக் கேள்விக்குறி. விருந்தில் தன் தட்டில் கோழிக் கழுத்தும் இறக்கையும் விழுந்ததற்காக ஒரு சாமியார் கோபிக்கிற இடம். கேள்விக்குறிக்குக் கீழே, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, விளக்கமும் எழுதியிருந்தார்: "சரிதான். பார்த்திருக்கிறேன்."

"வெளியார் வேலையாவே அடிச்சுக் குடுப்போம்மா. நம்ம பேர் வேணாம்" என்றார் என்னிடம்.

அந்தப் புத்தகத்துக்கு ப்ரூஃப் பார்த்த மூன்று மாசம் மறக்காது. லூர்து மேரி முதல் நாள் அரைப் பக்கம் படித்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

"சரோஜா, இதை நான் வாயால படிச்சா பாவமா?"

"கமாவை மட்டும் நீ படி, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

"சும்மா இரு. உனக்கு எல்லாம் விளையாட்டு."

சாமியார் ஏதாவது பண்ணும்போதெல்லாம் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டே படித்தாள். மூன்றாம் வாரம் சிலுவை போடுவதை மறந்துவிட்டாள். அந்த அம்மா தன் பிள்ளைகளைத் தேடி ஓடுகிற இடத்தில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்து, "முற்றுப்புள்ளி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கும் சிவப்புப் பேனா ஓடவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு பிழை தப்பிப் போனது, இன்றைக்கும் இருக்கிறது.

டெய்சி அக்கா எழுதிய முன்னுரையைப் படித்தபோதுதான் இந்தக் கதை அவரை ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் பிறந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இவர்கள். இரண்டு பக்கமும் ஒரே பூசை, ஒரே சாமியார். அவர் அப்பாவை அந்த மறுபக்கத்தில்தான் புதைத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி நாலே வரிதான் எழுதியிருந்தார், யாரையும் திட்டாமல்.

புத்தகம் முந்நூறு பிரதி வந்தது. அட்டையில் கோயில் மணி. பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது. டெய்சி அக்கா எல்லாருக்கும் கேக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து லூர்து மேரி காலையில் பையைக் கூட வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். கையில் புத்தகம். விரித்தது நாலாம் பக்கம்.

"இதைப் படி."

படித்தேன். "திருச்சபை அனுமதியுடன். விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் மாறான எதுவும் இந்நூலில் இல்லை." கீழே பெரிய சாமியின் பெயர், கொட்டை எழுத்தில்.

சாமியார்களைத் துவைத்துக் காயப்போடுகிற நாவலுக்குச் சாமியாரே அனுமதி கொடுத்த மாதிரி நாங்கள் அச்சடித்து வைத்திருக்கிறோம்!

மஞ்சுவைக் கூப்பிட்டேன். "அட்டையில சர்ச் பெல் இருக்கு மேடம், பேரு டெய்சி, உள்ள ஃபுல்லா ஃபாதர் ஃபாதர்னு வருது. நம்ம புக்குன்னு அந்த டெம்ப்ளேட் போட்டேன். தப்பாய்த்தா மேடம்?" என்றான். அவன் கன்னடக்காரன், தமிழை மின்னல் மாதிரி அடிப்பான், ஆனால் உட்கார்ந்து படிக்க மாட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. புத்தகத்தின் பெயர் சரி, எழுதியவர் பெயர் சரி, ஆண்டு சரி என்று மூன்றுக்கும் டிக் போட்டு என் இனிஷியலை வைத்தவள் நான்தான்.

அதற்குள் விஷயம் விவேக் நகர் முழுக்கப் பரவியிருந்தது. பாடகர் குழுத் தலைவர் ஒருவர் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, "பொய்யா அனுமதி போட்டுக் கோயிலைக் கேவலப்படுத்திட்டா அந்த நர்ஸம்மா" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லியிருக்கிறார். டெய்சி அக்கா அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தார். பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லாரும் வரிசையில் எழுந்து போனபோது அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

"சரோஜா, உனக்கு இது புரியாது" என்றாள் லூர்து மேரி. "நாப்பது வருஷமா வாங்கறவங்க. அன்னிக்கு எழுந்திருக்கல. முழங்கால் வலின்னு சொன்னாங்க. முழங்கால் வலி உள்ளவங்களா இத்தனை தூரம் நடந்து வருவாங்க?"

எனக்கு ஏன் புரியாது? முப்பது வருஷம் அதைப் பற்றித்தானே ப்ரூஃப் பார்த்தேன். பாவம் செய்துவிட்டோம் என்று நினைக்கிறவர்கள் வாங்க மாட்டார்கள்.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் உட்காருங்கம்மா." கண்ணாடியைத் துடைத்தார். கோப்பைத் திறந்து பக்க ப்ரூஃபைக் காட்டினார். நாலாம் பக்கத்தில் டெய்சி அக்காவின் கையெழுத்து, அழகாக, தேதியோடு. "எழுதினவங்களே ஒப்புதல் குடுத்திருக்காங்க" என்றார். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: நான் வாயைத் திறக்கவில்லை. ரிடையர் ஆக எட்டு மாசம் இருந்தது. முப்பது வருஷம் ஒரு கறை இல்லை. விதிப்படி பொறுப்பு டெய்சி அக்காவுடையது. இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, "ஆமாம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த ஞாயிறும் டெய்சி அக்கா எழுந்திருக்கவில்லை என்று லூர்து மேரி சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் புத்தகக் கட்டுகள் பிரிக்காமல் இருந்தன. காபி போட்டுக் கொடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நாலாம் பக்கத்துல கையெழுத்துப் போட்டப்போ நீங்க அதைப் படிக்கலையா அக்கா?" என்றேன். நானே கேட்கிறேன் பாருங்கள், அந்த நியாயத்தை!

"படிச்சேனே" என்றார். "நாலு தடவை படிச்சேன். நீங்களும் ஃபாதரும் எனக்குச் சொல்லாமலே போய் அனுமதி வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சேன் சரோஜா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஓன்னு அழுதேன். சந்தோஷத்துல. டெஸ்ஸுக்கு போன் போட்டு, எங்க கோயில் ஒத்துக்கிச்சுடீன்னு சொன்னேன்."

அச்சகத்தில் ஐந்து பேர் கைமாறிய அந்தப் பக்கத்தை ஒரே ஒருத்தர்தான் படித்திருக்கிறார். படித்து, நம்பியும் இருக்கிறார். அது என் தப்பு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். என்ன ஜென்மம் நான் என்று பஸ் முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாளே பெரிய சாமியிடமிருந்து போன் வந்துவிட்டது. அவர் பெயர் போட்ட எந்தப் புத்தகம் வந்தாலும் இரண்டு பிரதி அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது வழக்கம். டெஸ்பாச்சில் யாரும் யோசிக்கவில்லை, வழக்கம் போலப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்கள்! பெரிய சாமி என்றால் ஃபாதர் சவரிமுத்து. எண்பத்திரண்டு வயசு. ஹெப்பகோடிப் பக்கம் வயதான சாமியார்கள் தங்கும் இல்லத்தில் இருந்தார். கண்டிப்புக்குப் பேர் போனவர். ஒரு செபப் புத்தகத்தில் சம்மனசின், அதாவது தேவதூதரின், படத்துக்குத் தோள் தெரிகிறது என்று திருப்பி அனுப்பியவர்.

"அருளு, நாளைக்கு அந்த அம்மாவையும் ப்ரூஃப் பார்த்தவங்களையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாராம்.

மறுநாள் அச்சகத்து ஆம்னியில் போனோம். ஃபாதர் ஓட்டினார், டெய்சி அக்கா முன்னால், நானும் லூர்து மேரியும் பின்னால். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முக்கால் மணி நேரம். ஃபாதர் மாதா பாட்டு முனக ஆரம்பித்தார். லூர்து மேரி பழக்க தோஷத்தில் கூடச் சேர்ந்து பாடிவிட்டு என் முழங்கை பட்டதும் நிறுத்தினாள். டெய்சி அக்கா வெளியே பார்த்துக்கொண்டே, "புஸ்தகத்தைக் கிழிச்சிடச் சொன்னா கிழிச்சிடறேன் ஃபாதர். கோயில் இல்லாம என்னால முடியாது" என்றார். ஃபாதர் பாட்டை நிறுத்திவிட்டார்.

பெரிய சாமியின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாரும் தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன், எனக்கென்ன. மேஜை மேல் புத்தகம். உள்ளே பேப்பர் துண்டுகள் செருகியிருந்தன, முப்பதுக்குக் குறையாது.

"நாலாம் பக்கத்துல என் பேர் போட்டது யாரு?" என்றார்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். டெய்சி அக்கா எழுந்து நின்றுவிட்டார். "கையெழுத்து என்னுதுதான் சாமி" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"அவங்க இல்ல சாமி, நான். டெம்ப்ளேட் மாறிப் போச்சு, நான் பார்க்காம இனிஷியல் போட்டேன். அவங்க அதை நிஜம்னு நம்பிட்டாங்க. ரெண்டு வாரமா அவங்க மேல பழி விழுது, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் டெய்சி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அனுமதி யாரும் வாங்கித் தரவில்லை, அது வெறும் தப்பு என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

பெரிய சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை வருஷமா ப்ரூஃப் பார்க்கிறே?"

"முப்பது சாமி."

"நாலாம் பக்கத்தை?"

"இந்தத் தடவைதான் சாமி."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் கூடத்தான். என் பேரைப் போட்டு எத்தனை புஸ்தகம் வந்திருக்கு! ரெண்டு ரெண்டா அலமாரியில நிக்குது. பாதியை நாலு பக்கம் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதையும் நீங்க முறைப்படி கொண்டாந்து குடுத்திருந்தா, ரெண்டு அத்தியாயத்துல மூடி வெச்சு, முடியாதுன்னு எழுதி அனுப்பியிருப்பேன். அச்சாகி என் பேரோட வந்து நின்னுடுச்சே! நான் எதுக்குப் பொறுப்புன்னு பார்க்க முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவை."

"சாமி, அந்த வாசகம்..." என்றார் ஃபாதர்.

"நான் அனுமதி குடுக்கல, அதனால அந்த வரி பொய். எல்லாப் பிரதியிலயும் அதுக்கு மேல வெள்ளைத் தாள் ஒட்டிடு. ஆனா விசுவாசத்துக்கு மாறா இதுல ஒண்ணும் இல்ல, அருளு. நமக்கு மாறாத்தான் இருக்கு. அது வேற." அப்புறம் டெய்சி அக்காவிடம், "புஸ்தகத்தைக் குடுக்கறவங்களுக்குக் குடும்மா. வாசல்ல நின்னு பேசற ஆளுகிட்ட, நான் படிச்சேன்னு சொல்லு. சந்தேகமிருந்தா என்னை வந்து பார்க்கச் சொல்லு" என்றார்.

எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. லூர்து மேரி மூக்கை உறிஞ்சினாள். டெய்சி அக்கா மட்டும் அப்படியே இருந்தார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"சாமி, அப்ப நான் நற்கருணை வாங்கலாமா?"

பெரிய சாமி புத்தகத்தை எடுத்து முதல் பேப்பர் துண்டு இருந்த இடத்தில் பிரித்தார். முன்னுரை.

"உங்க ஊர்க் கல்லறைச் சுவரைப் பத்தி எழுதியிருக்கே. அதே மாதிரி சுவர் இருந்த ஒரு ஊர்ல நான் ஒன்பது வருஷம் பங்குச் சாமியா இருந்தேன். உங்க ஊர் இல்ல. வேற ஊர். சவப்பொட்டி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் நானும் பின்னால போவேன், செபம் சொல்லி மந்திரிப்பேன், வந்து கை கழுவிட்டு சாப்பிடுவேன். ஒருத்தர் கூட என்னைக் கேட்கல, நானும் ஒரு செங்கல்லைக் கூட எடுக்கல. இந்தக் கதையில அப்பன் பொணத்தைத் தோண்டி எடுக்கற இடம் வந்தப்ப மூடி வெச்சுட்டேன். ரெண்டு நாள் தொடல." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்கக் கூடாதும்மா. நான்தான் உன்னைக் கேட்கணும். நான் வாங்கலாமா?"

முப்பத்தோரு வருஷம் இவர்கள் புத்தகங்களைப் படித்தவள் நான். ஒரு சாமியார் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஃபாதர் அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். டெய்சி அக்கா முகத்தில் சாந்தம் எல்லாம் இல்லை. கோபம்தான் இருந்தது, அதை நான் பார்த்தேன். வெளியே யாரோ பூசைக்கு மணி அடித்தார்கள், பதினொன்றரை.

அவர் எழுந்து போய்ப் பெரிய சாமியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நர்ஸ் இல்லையா, அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கில் அவரை நிற்க வைத்தார்.

"வாங்குங்க சாமி" என்றார். "நானும் வர்றேன்."

அந்த இல்லத்துச் சின்னக் கோயிலில் பத்துப் பன்னிரண்டு வயதான சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். நற்கருணைக்கு வரிசை கிளம்பியபோது பெரிய சாமி ஓரமாக ஒதுங்கி, டெய்சி அக்காவை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.